எட்டாம் நாளும் மஞ்சள் அட்டையும்

விசா கிளார்க் வேலை என்பது, தான் ஒருநாளும் போகப்போகாத ஊருக்கு அடுத்தவரை அனுப்பிவைக்கும் வேலை. பஹ்ரைனில் குதைபியாவில் ஒரு டிராவல் ஆபீஸில் ஒன்பது வருஷம் அதைத்தான் செய்தேன். கவுண்டரில் பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டு, அது திரும்பி வரும்வரை சோறு இறங்காமல் தவித்திருக்கும் உங்களுக்கு இந்தத் தொழிலைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தவிப்பைக் கவுண்டருக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான், அவ்வளவுதான் வித்தியாசம்.

தொண்ணூற்றைந்தாம் வருஷத் தொடக்கத்தில் எங்களுக்கு ஒரு விசித்திரமான சீசன் வந்தது. ஏதோ ஒரு கட்டுமானக் கம்பெனி மேற்கு ஆப்பிரிக்காவில், கானா நாட்டில், பெரிய வேலை எடுத்திருந்தது. வளைகுடாவில் இருந்த ஐரோப்பிய எஞ்சினீயர்கள் வரிசையாக அங்கே கிளம்பினார்கள். கானாவுக்கு விசா வேண்டும், போட்டோக்கள் வேண்டும், அங்கே தெரிந்தவர் ஒருவரின் முகவரி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை வேண்டும். தூதரகம் ரியாத்தில். படிவங்கள் என் மேஜையில்.

திரும்பி வருவதற்குச் சான்று

முதலில் வந்தவர் ஒரு ஜெர்மானியர். பாதி உலகத்துக்கு விசாவே இல்லாமல் போய்வந்த மனிதர். படிவத்தை மூன்று முறை படித்துவிட்டு, திரும்பி வரும் டிக்கெட்டை ஏன் கேட்கிறார்கள் என்றார். நீங்கள் அங்கேயே தங்கிவிட மாட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம் என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. நான் எதற்கு அங்கே தங்கப்போகிறேன், எனக்கு ஹாம்பர்கில் வீடு இருக்கிறது என்றார். அந்த வீட்டுக்கும் ஏதாவது பத்திரம் இருந்தால் சேர்த்து வைக்கலாம் என்று சொன்னேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன், மறுநாள் நிஜமாகவே கொண்டுவந்துவிட்டார்.

எங்கள் ஆபீஸில் பாஸ்போர்ட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் டிரைவர் முருகேசன். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். நான்கு தூதரகங்களில் விண்ணப்பித்து நான்கிலும் நிராகரிக்கப்பட்ட அனுபவசாலி. ஜெர்மானியர் நான்காவது போட்டோவுக்கு வெள்ளைப் பின்னணி தேடி ஸ்டூடியோவுக்கு ஓடியதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "பாய், இன்னிக்குத்தான் வெள்ளைக்காரன் நம்ம வரிசைக்கு வந்து சேந்திருக்கான்."

வியாழக்கிழமை வந்த பாஸ்போர்ட்

சவூதியிலுள்ள அல் கோபாரிலிருந்து கடல்பாலம் வழியாக வார விடுமுறைக்கு வியாழக்கிழமை வந்து, வெள்ளிக்கிழமை மாலை திரும்பிப் போவது அங்குள்ள ஐரோப்பியர்களின் வாடிக்கை. அப்படி வந்த ஓர் ஆங்கிலேயர், கையோடு கானா விசாவுக்கும் கொடுத்துவிடலாம் என்று பாஸ்போர்ட்டை என்னிடம் தந்தார். நானும் படிவம், போட்டோ எல்லாம் சரிபார்த்து அழகாக ரசீது எழுதிக் கொடுத்தேன். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதே எங்கள் தொழில். கையில் பாஸ்போர்ட் இல்லாமலே வருஷக்கணக்கில் நடமாடுகிறவர்கள் நாங்கள். அதனால் அவருக்குத் திரும்பிப் போக அது வேண்டுமே என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை பாலத்துச் சோதனைச்சாவடியில்தான் இருவருக்கும் சேர்த்து ஞானம் பிறந்தது. அவர் எங்கள் முதலாளியின் வீட்டு நம்பரைக் கண்டுபிடித்து, முதலாளி என்னைக் கண்டுபிடித்து, நான் லாக்கரைத் திறந்து பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன். மனிதர் காரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "உங்கள் ரசீதைக் காட்டினேன். அந்த அதிகாரி அதை நன்றாகப் படித்துவிட்டு, ரசீது சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் இதில் உன் முகம் இல்லையே என்றார்."

ஐந்தாவது ஆள்

டெக்லன் கட்டுமானக் கம்பெனி ஆள் இல்லை. அயர்லாந்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர். பத்து வருஷம் அல் கோபாரில் பாலம், சாலை என்று வேலைபார்த்துவிட்டு பஹ்ரைன் தலைநகர் மனாமாவுக்கு வந்தவர். அவர் மனைவி அபேனா கானாக்காரர், மனாமாவில் நர்ஸாக இருந்தவர். முதல் பிரசவத்துக்காகக் குமாசி என்ற தன் ஊருக்குப் போயிருந்தார். பிள்ளை பிறந்த எட்டாம் நாள் காலையில் அதை வெளியே கொண்டுவந்து பேர் வைப்பார்களாம். பேரைச் சொல்ல வேண்டியவர் தகப்பன். "அந்த எட்டாம் நாளுக்கு நான் அங்கே இருந்தாக வேண்டும், மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் சரி" என்பதுதான் அவர் எங்களிடம் வைத்த ஒரே நிபந்தனை.

விசா ஜனவரியிலேயே வந்துவிட்டது. பாக்கி இருந்தது ஊசி. அந்த மருந்து ஒரு குப்பியைத் திறந்தால் பத்துப் பேருக்குப் போட்டு அன்றே தீர்க்க வேண்டியது. எனவே ஆள் சேர்ந்தால்தான் திறப்போம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அவரோ பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே என்று நிதானமாக இருந்தார். ஊசி என்ன ஆயிற்று என்று கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "பட்டியலில் நான் ஐந்தாவது ஆள். இன்னும் ஐந்து பேருக்கு ஆப்பிரிக்கா போகும் ஆசை வர வேண்டும்."

எட்டா, பத்தா

ரமலான் மாதம், ஆபீஸ் இரண்டு மணிவரைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைப் பூட்டப்போகும் நேரத்தில் டெக்லன் ஒரு ஃபேக்ஸ் தாளோடு உள்ளே வந்தார். பையன் மூன்று வாரம் முந்திக்கொண்டு அன்று காலையிலேயே பிறந்துவிட்டான். தாயும் பிள்ளையும் நலம். வாழ்த்துச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, என் மேஜைக் காலண்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எட்டாம் நாள் அடுத்த ஞாயிறு. ஊசியை அந்த நிமிஷமே போட்டாலும் அட்டை செல்லுபடியாவது பத்து நாள் கழித்துத்தான். அது சர்வதேச விதி, யாரைப் பிடித்தும் வளைக்க முடியாது. விமானக் கம்பெனிக்குப் போன் போட்டேன். அட்டை இல்லாமல் ஏற்ற மாட்டோம் என்றார்கள்.

பேர் வைப்பதை நான்கு நாள் தள்ளிவைக்கக் கூடாதா என்று கேட்டேன். அபேனாவிடம் போனில் அதையும் கேட்டுவிட்டாராம். முடியாது. எட்டு நாள் வரைக்கும் பிள்ளை வெறும் விருந்தாளிதான் என்பது அவர்கள் நம்பிக்கை. இங்கே இருப்பதா, வந்த வழியே போவதா என்று அது இன்னும் முடிவுசெய்யவில்லை. எட்டாம் நாள் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் நம் மனுஷன். தகப்பன் வராவிட்டால் மாமன் சொல்லிவிடுவார், அதில் ஒன்றும் குறையில்லை என்று அபேனா சொன்னாராம். டெக்லனுக்கோ ஐம்பதை நெருங்கும் வயதில் முதல் பிள்ளை. அவர் போன பிறகு முருகேசனுக்குத் தமிழில் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் கார்ச் சாவியைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். "அப்ப அந்தப் பச்சப்புள்ளையும் எட்டு நாள் விசிட் விசாவுலதான் வந்திருக்கு பாய்."

ரஜப் பதினேழு

மறுநாள் காலை டெக்லன், முன்பே எடுத்திருந்த டிக்கெட்டை ரத்துசெய்ய வந்தார். எனக்கு ஒரு கெட்ட பழக்கம், ஒரு ஃபைலை மூடுமுன் அதில் உள்ள எல்லாத் தாளையும் ஒருமுறை கேட்டு வாங்கிப் பார்த்துவிடுவேன். இதற்கு முன் எப்போதாவது இந்த ஊசி போட்டிருக்கிறீர்களா என்றேன். போட்டிருக்கிறேன், பிரயோஜனமில்லை, டிசம்பரிலேயே காலாவதி என்றார். பழைய பாஸ்போர்ட்டுக்குள்ளிருந்து மடித்த மஞ்சள் அட்டை ஒன்றை எடுத்துப் போட்டார். கோபாரில் இருந்தபோது நைஜீரியாவில் ஒரு வேலைக்காகப் போட்டுக்கொண்டாராம், பயணம் நின்றுபோய் அட்டை அப்படியே கிடந்ததாம். கோபார் கிளினிக்கின் முத்திரை, டாக்டர் கையெழுத்து, தேதி 17-7-1405. முஸ்லிம்களின் ஹிஜ்ரி ஆண்டு, ஏழாம் மாதமான ரஜப் பதினேழு. நாங்கள் அப்போது இருந்தது 1415 ரமலானில். அட்டைக்கு ஆயுள் பத்து வருஷம், அது இரண்டு மாதம் முன்பே ரஜப்போடு முடிந்தது என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அவரைக் குறைசொல்ல முடியாது. கோபாரில் அவருடைய சம்பளம், ஒப்பந்தம், இகாமா என்னும் தங்கும் அனுமதி எல்லாமே ஹிஜ்ரியில்தான் ஓடின.

ஆனால் அட்டையின் அடியில் அச்சிட்டிருந்த பத்து வருஷம் இங்கிலீஷ் வருஷம் ஆயிற்றே. ஹிஜ்ரி வருஷம் அதைவிடப் பதினொரு நாள் போலக் குறைவு. நோன்பு வருஷா வருஷம் முன்னால் வந்துகொண்டே இருப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவனுக்கு இது பெரிய கணிதமில்லை. பத்து வருஷத்துக்கு மூன்றரை மாதம் வித்தியாசம். விரல்விட்டு எண்ணினேன், நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினேன். ரஜப் பதினேழு என்பது எண்பத்தைந்து ஏப்ரல் ஏழு. அட்டைக்கு இன்னும் ஏழு வாரம் உயிர் இருந்தது.

நான் சொன்னால் யார் கேட்பார்கள்? பக்கத்துக் கிளினிக்கில் இருந்த எகிப்திய டாக்டரிடம் போனோம். அவர் அவசரப்படவில்லை. அலமாரியிலிருந்து தேதி ஒப்பீட்டுப் புத்தகத்தை எடுத்து, விரலை வைத்து வரி வரியாகப் பார்த்து, கோபார் கிளினிக்குக்கே போன் செய்து அந்த முத்திரையையும் விசாரித்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தார். ஹிஜ்ரித் தேதிக்குப் பக்கத்தில் இங்கிலீஷ் தேதி, கையெழுத்து, முத்திரை. வெளியே வெயிலில் வந்ததும் டெக்லன் அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அயர்லாந்துக்காரன் நான் உங்கள் காலண்டரில் எண்ணினேன், முஸ்லிம் நீங்கள் என் காலண்டரில் எண்ணுகிறீர்கள். நல்லவேளை, நம்மில் ஒருவர் எண்ணியதாவது சரியாக இருந்தது."

தகப்பன் சொன்ன பேர்

வியாழக்கிழமை லண்டன் வழியாக ஏறினார். அதன்பிறகு எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க முருகேசனும் நானும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம், பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தும்.

மூன்று வாரம் கழித்துப் போட்டோக்களோடு வந்து நின்றார். அக்ரா விமான நிலையத்தில் சுகாதார அதிகாரி அட்டையில் இரண்டு தேதி இருப்பதைப் பார்த்து, இதில் எது நிஜம் என்று கேட்டாராம். இரண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதிகாரி புத்தகத்தில் விதியைப் பார்த்து, டாக்டரின் முத்திரையைப் பார்த்து, பிறகு எதற்காக வந்தாய் என்று கேட்டிருக்கிறார். பேர் வைக்க என்றதும் சீக்கிரம் போ என்று விட்டுவிட்டாராம். சனிக்கிழமை சாயங்காலம் குமாசி. ஞாயிறு விடிகாலை பிள்ளையின் நாக்கில் ஒரு துளி தண்ணீர், ஒரு துளி மது. தண்ணீரைத் தண்ணீர் என்றும் மதுவை மது என்றும் சொல், பொய் பேசாதே என்பது அதன் அர்த்தமாம். ஞாயிறு பிறந்ததால் குவாசி என்று ஒரு பேர் தானாகவே வந்துவிடுமாம். மற்ற பேரை, தன் அப்பாவின் பேரை, டெக்லன் தன் வாயால் சொல்லியிருக்கிறார். போட்டோவில் பிள்ளை தூங்குகிறது, டெக்லன் அழுதுகொண்டிருக்கிறார்.

எனக்குப் பிள்ளை உண்டா என்று கேட்டார். காயல்பட்டினத்தில் ஒரு மகன் என்றேன். எங்களுக்கு ஏழாம் நாள் பேர் வைப்பது வழக்கம், நான் ஒரு பேர் எழுதி அனுப்பினேன், கடிதம் போய்ச் சேருவதற்குள் அங்கே வேறு பேர் வைத்துவிட்டார்கள், அவனை நான் முதலில் பார்த்தபோது அவனுக்கு வயது ஒன்றேகால் என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே சொல்லத்தான் நினைத்தேன், முடியவில்லை. அது எனக்கு இன்றைக்கும் குறைதான். என் பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் இருந்ததும், லீவு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்பதும் டெக்லனுக்குத் தெரியாது. போட்டோக்களை அடுக்கிக்கொண்டே, உண்மையாகவே புரியாமல் கேட்டார்: "உங்கள் சொந்த ஊருக்குப் போக உங்களுக்கு விசாவே வேண்டாமே, பிறகு ஏன் போகவில்லை?"

எத்தனையோ நாட்டு விதிமுறைகளைப் புத்தகம் பார்க்காமல் ஒப்பித்த அந்த ஒன்பது வருஷத்தில், வாடிக்கையாளர் கேட்டு நான் பதில் சொல்லாமல் "அடுத்தவர் வரலாம்" என்று கூப்பிட்டது அந்த ஒரு கேள்விக்குத்தான்.