பேசுகிறவர்கள் பட்டியல்

பத்திரிகை வேலையை விட்டபின் கோரிப்பாளையம் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பின் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியடைக் கேட்டு வாங்கினேன். பிள்ளைகள் தாங்களாகவே கேள்வி எழுப்பி, காரணம் சொல்லி, விவாதிக்க வேண்டும் என்பது என் திட்டம். "நாலு வாரம் பாருங்க. பிள்ளைக வாய் திறக்கலைன்னா கணக்கு சார் கேக்குறாரு, குடுத்துருவேன்" என்றார் தலைமையாசிரியை. மற்ற ஆறு நாளும் பால்காரரைத் தவிர என்னிடம் பேச ஆளில்லை என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

முதல் வாரம் ஒரு சிறு கதை சொன்னேன். கரும்பலகையில் 'இந்த வகுப்பில் எல்லோரும் கேட்க வேண்டும்' என்று எழுதிவிட்டுக் காத்திருந்தேன். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். அடுத்த இரண்டு வாரமும் அப்படியே.

மூன்றாம் வாரம் மணி அடித்ததும் முதல் பெஞ்சுச் சிறுமி வந்தாள். "மிஸ், நாங்க நல்லாக் கேட்டோம்ல? எங்க கிளாசுக்கு ஸ்டார் உண்டா?"

"யாரும் ஒண்ணும் கேக்கலையே?"

"சத்தமே போடாம கேட்டோமே மிஸ்! பேசுனா போர்டுல பேரு எழுதுவேன்னு கிளாஸ் லீடர் சொல்லிட்டான்."

சொன்னதைக் கேட்கும் பிள்ளைகள். இரண்டு பொருள் தரும் தலைப்புகளைத் திருத்தியே சம்பளம் வாங்கியவள் நான்.

நான்காம் வாரம் பலகையில் எதுவும் எழுதவில்லை. லீடரிடம் சாக்பீஸை வாங்கி வைத்துக்கொண்டு, "தனியா இருக்கறதும் யாரும் இல்லாம இருக்கறதும் ஒண்ணா? காரணம் சொல்லணும்" என்றேன்.

"ஒண்ணுதான் மிஸ்" என்றான் லீடர்.

"எப்படிடா ஒண்ணு?" முதல் பெஞ்சுச் சிறுமி எழுந்தாள். "எங்க வீட்ல எட்டுப் பேரு. பாத்ரூம்ல மட்டுந்தான் நான் தனியா இருப்பேன். அம்புட்டு நிம்மதி."

"அதான் உங்க அத்தா டெய்லி கதவத் தட்டுறாரா?" என்று அவள் அப்பாவை இழுத்தான் லீடர்.

வகுப்பு சிரித்து ஓய நேரமானது. அவள் உட்காரவில்லை. "தட்டுறாருல்ல? தேட ஆளிருந்தா அது தனியா இருக்கறது. யாருமே தட்டலைன்னா, அது யாரும் இல்லாம இருக்கறது."

இத்தனை சுருக்கமாக எனக்கு எழுத வந்ததில்லை.

"மிஸ், உங்களத் தேடுவாங்களா?" என்றான் லீடர்.

"தெரியல."

"காரணம் சொல்லணும்னு நீங்கதான சொன்னீங்க?"

மணி அடித்தது. வாசலில் தலைமையாசிரியை நின்றிருந்தார். "கேட் வரைக்கும் சத்தம். கணக்கு சாருக்கு வேற பீரியட் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நினைத்தது கிடைத்துவிட்டது. வீட்டுக்குப் போகும் கே.கே. நகர் பஸ்ஸில் செல்போனை எடுத்து, வந்த அழைப்புகளைப் பார்த்தேன். கேஸ் ஏஜென்சி, வங்கி, ஒரு ராங் நம்பர்.

அடுத்த வெள்ளிக்கிழமை உள்ளே நுழைந்ததும் லீடர் எழுந்து நின்றான். போன வாரக் கேள்வியை மறந்திருப்பான் என்று நினைத்திருந்தேன்.

"தேட மாட்டாங்க" என்றேன். "வீட்டைப் பூட்டும்போது 'போயிட்டு வாரேன்'னு நான் யாருகிட்டயும் சொல்றதில்ல. எப்ப வருவேன்னு தெரிஞ்சாத்தானே, வரலைன்னு தேட முடியும்?"



"இது சரியான காரணம் மிஸ்" என்று சொல்லி லீடர் உட்கார்ந்தான்.