வியாழக்கிழமை வந்த சுனாமி

வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நம்ம ஊருக்குச் சுனாமி வரும் என்றும், பொதுமக்கள் யாரும் பயப்பட வேண்டாம் என்றும் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. ஒத்திகை என்ற சொல்லையும் அது சொல்லியிருக்கத்தான் வேண்டும். ஆனால் எங்கள் வீட்டைத் தாண்டி வேதக்கோவில் பக்கம் திரும்பிய பிறகு சொல்லியிருக்கும். கடற்காற்றில் அந்தச் சொல் எங்கள் வாசலுக்கு வந்து சேரவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. உவரிக்குத் தெற்கே கடலோரமாக இருக்கிறது எங்கள் ஊர். கடல் கிழமை பார்த்து, மணி பார்த்து வருமா என்று எனக்கு ஒரே குழப்பம். சித்தப்பாவிடம் கேட்டேன். அவர்தான் எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் பதில் சொல்பவர். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு முன்னால் பழகிப் பார்க்கிறோம் இல்லையா, அதுபோலத்தான் இதுவும், நிஜ அலை இல்லை என்றார். அப்படியானால் நிஜ நாடகம் என்றைக்கு என்று கேட்டேன். சித்தப்பா படகு எஞ்சினைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அடுப்படியில் இருந்தாள். அவளுக்குச் சொந்த ஊர் மேற்கே, குமரிக் கடற்கரையில். அந்த அலை வந்த அன்று அவள் அங்கேதான் இருந்தாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் யாரும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் சுனாமி என்ற பெயரைக்கூட எடுக்க மாட்டார்கள். ‘அந்த அலை’ என்பார் அப்பா, அதுவும் குரலைத் தாழ்த்தி. கடற்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்தும் அம்மா கடப்புறத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. அப்பா கொண்டுவரும் மீனைக்கூட அத்தைதான் போய் வாங்கிவருவாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். இளவயசுப் பெண். அலை திரும்பிப் போன பிறகுதான் தங்கள் வேலை தொடங்கும் என்று அவர் சொன்னார். கிணற்றில் உப்பும் சாக்கடையும் கலந்துவிடும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், கொசு பெருகும், அதற்கெல்லாம் மருந்தும் குளோரினும் முன்கூட்டியே மேட்டில் கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும், காயம்பட்டவர்கள் ஒரே நேரத்தில் நிறையப் பேர் வந்துவிட்டால் யாரை முதலில் பார்ப்பது என்று அப்போது நின்று யோசிக்க முடியாது, அதற்காகத்தான் இந்த அட்டைகள் என்று நான்கு நிற அட்டைகளைத் தூக்கிக் காட்டினார். சிவப்பை முதலில் வண்டியில் ஏற்ற வேண்டும். மஞ்சள் கொஞ்சம் பொறுக்கும். பச்சை தானாக நடந்து போய்விடும். கறுப்பைத் தூக்கிக்கொண்டு நேரத்தைக் கழிக்கக் கூடாது.

எங்கள் பள்ளியில் விளையாட்டுப் போட்டிக்குச் சிவப்பு அணி, மஞ்சள் அணி, பச்சை அணி என்று உண்டு. கறுப்பு அணி கிடையாது. அதனால் அதில் யார் விளையாடுவார்கள், எப்படி ஜெயிப்பார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நல்லவேளையாக டீச்சர் என்னைப் பச்சையில் சேர்த்தார். பச்சைக்கு பிஸ்கட் பொட்டலமும் உண்டு என்று பேச்சு.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“பச்சைன்னா நடந்துதான வருவ?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அதன் பிறகுதான் அவள் ஒத்திகைக்காகப் போடும் முகாமில் சமைக்கும் பெண்களோடு சேர ஒப்புக்கொண்டாள்.

வியாழக்கிழமை வந்தது. படகுகள் கடலுக்குப் போகவில்லை. பத்து மணிக்குக் கோவில் மணி அடித்தது, ஜீப்பில் சைரன் ஊளையிட்டது, நாங்கள் எல்லோரும் செம்மண் தேரி மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்தை நோக்கி ஓடினோம். ஓடினோம் என்பது கொஞ்சம் மிகை. பெரியவர்கள் குடை பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே நடந்தார்கள். ஒருவர் ஆட்டையும் ஓட்டிக்கொண்டு வந்தார், அதற்கும் உயிர்தானே என்று. விசில் வைத்திருந்த அதிகாரி ஒருவர், வேகமாக வாருங்கள், பின்னால் அலை வருகிறது என்று கத்தினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடல் அதுபாட்டுக்கு நீலமாகக் கிடந்தது. நான் மட்டும் இன்னும் வேகமாக ஓடினேன். இல்லாத அலைக்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

சித்தப்பாவுக்குச் சிவப்பு அட்டை. கால் எலும்பு முறிவு. முழங்காலில் சாயத்தைக் கொட்டிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் படுத்து அவர் முனகிய முனகலில், விவரம் தெரியாத ஒரு பெண் அழுதேவிட்டாள். அவர் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடியும் முனகினார்.

நான் பச்சை அட்டையோடு பிஸ்கட் வரிசையில் நின்றபோது சிக்கல் வந்தது. அதிகாரியின் திட்டப்படி இறந்தவர்களில் ஒரு குழந்தை இருக்க வேண்டும். அதற்குத் தேர்ந்தெடுத்திருந்த பையனின் தாய் வந்து, ஒத்திகைக்குக்கூட என் பிள்ளை சாக மாட்டான் என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அதிகாரி கையைப் பிசைந்தார். அப்போது முறிந்த காலோடு கிடந்த சித்தப்பா தலையைத் தூக்கினார்.

“எங்க அண்ணன் மவ கெடப்பா சார். சொன்ன பேச்சு கேக்குற பிள்ள.”

என் கையிலிருந்த பச்சையை அவிழ்த்துக் கறுப்பைக் கட்டினார்கள். தோற்றுவிட்டேனா என்று கேட்பதற்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளி வராந்தாவில் தார்ப்பாய் விரித்து ஏற்கெனவே சிலரைப் படுக்கவைத்து வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். கடைசி இடம் எனக்கு. நான் மூச்சு விடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

“விடு. ஆனா பைய விடு.”

துணிக்குள் வெளிச்சம் பால் மாதிரி இருந்தது. என் பக்கத்தில் கிடந்தவர், சுனாமி வருகிறது என்று தெருத்தெருவாக அறிவித்த அதே ஆட்டோ அண்ணாச்சி. தான் அறிவித்த அலையில் தானே செத்துப்போய் நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். செத்தவர் குறட்டை விடலாம், ஆனால் மூச்சைப் பைய விட வேண்டும் என்பதை எப்படி ஒன்றாகச் சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன். துணிக்கு வெளியே கால்கள் போவதும் வருவதும் கேட்டது. ஒரு காலும் எங்கள் பக்கத்தில் நிற்கவில்லை. அதுதான் விதி.

பிறகு ஒரு வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. சுக்குக் காப்பி வாசனை வந்தது. முகாம் ஆட்களுக்குக் காப்பி கொண்டுவந்தது அம்மா என்று எனக்குத் தெரியாது. அப்புறம் வரிசையின் மறுகோடியில் துணி விலகும் சரசரப்பு.

“இவிய இருக்காவ.”

அம்மாவின் குரல். யாரோ சிரித்தார்கள். மறுபடியும் சரசரப்பு.

“இவியளும் இருக்காவ.”

சித்தப்பா ஸ்ட்ரெச்சரிலிருந்து, மைனி, அதெல்லாம் செத்தவங்க, இங்க வாங்க, நான்தான் உயிரோட இருக்கேன் என்று கூவினார். இன்னும் சிலர் சிரித்தார்கள். விசில்காரர் அருகில் வந்து இந்த இடத்துக்கு வெளியாள் வரக்கூடாது என்றார். சரசரப்பு நிற்கவில்லை. டாக்டரின் குரல் கேட்டது.

“அம்மா, இது ஒத்திகைம்மா.”

“தெரியும் டாக்டர்” என்றாள் அம்மா, சாதாரணமாக, கடையில் விலை கேட்டவருக்குப் பதில் சொல்வது போல. சொல்லிவிட்டு அடுத்த துணியை விலக்கினாள்.

தெரியும் என்றால் ஏன் செய்கிறாள்? அவள் விளையாட்டைக் கெடுக்கிறாள், எல்லோரும் பார்க்கிறார்கள், அவள் என் அம்மா என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஆட்டோ அண்ணாச்சியின் குறட்டை பாதியில் அறுந்தது. அவர் திடுக்கிட்டு எழ, அவர் கழுத்தில் கை வைத்து, இருக்காவ என்று அம்மா சொன்னாள். அடுத்தது நான்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை அல்லவா. அம்மா கெடுத்ததை நானாவது சரிசெய்ய வேண்டும் என்று நினைத்தேன்.

துணி விலகியது. வெயில் இமைக்குள் சிவப்பாக அடித்தது. ஈர விரல்கள் என் கழுத்தைத் தொட்டன. அவை அங்கேயே நின்றன. நான் மூச்சை விடவில்லை. விரல்கள் இன்னும் அழுத்தின. பிறகு மூக்கின் கீழே வந்தன. நான் லேசாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அம்மாவின் முகம் மிகப் பக்கத்தில் இருந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் நான் யாரென்று அவளுக்குத் தெரிந்தது போல இல்லை. சட்டென்று குனிந்து என் நெஞ்சில் காதை வைத்தாள். அவள் தலைமுடி என் வாயில் பட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மூச்சு வெடித்து வெளியே வந்தது, இருமலோடு.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இவளும் இருக்கா” என்றாள். இந்த முறை குரல் சாதாரணமாக இல்லை. என் கையிலிருந்த கறுப்பு அட்டையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு வரவில்லை. பல்லால் கடித்து அறுத்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. விசில்காரர் ஏதோ சொல்ல வந்தார். டாக்டர் அவரைக் கையமர்த்திவிட்டு அம்மாவுக்கு எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்தார். மெதுவாக ஏதோ கேட்டார். அம்மா பேசத் தொடங்கினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கால் முறிந்த சித்தப்பா எழுந்து நடந்து வந்து என்னைத் தூக்கிக்கொண்டு எலுமிச்சைச் சோறு கொடுக்கும் இடத்துக்குப் போனார். அவர் முழங்கால் சாயம் என் கவுனில் ஒட்டியது. ஏன் சித்தப்பா அம்மா அப்படிச் செய்தாள் என்று கேட்டேன். எதைக் கேட்டாலும் பதில் சொல்கிறவர், தெரியலையே மக்ளே என்றார்.

ஒத்திகையை விட்ட இடத்திலிருந்து தொடர அதிகாரி முயன்றார். ஆனால் வராந்தாவில் மறுபடி படுக்க ஒருவரும் வரவில்லை. ஆட்டோ அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்.

“அந்தப் பிள்ளையோட அம்மா தொட்டுப் பாத்து, இருக்கேன்னு சொல்லிட்டா சார். இனி எங்கன சாவ? என்னை மஞ்சள்ல போடுங்க.”

கடைசியில் அன்றைய சுனாமியில் எங்கள் ஊரில் ஒருவர்கூடச் சாகவில்லை. மேலிடத்துக்கு இதை எப்படி எழுதுவது என்று அதிகாரி டாக்டரைக் கேட்டார். நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள் என்றார் அவர்.

சாயங்காலம் அம்மாவோடு தேரி மணலில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். அவள் என் கையை வலிக்கும்படி பிடித்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது.

“நான் தப்பாச் செத்துட்டேனாம்மா?”

அவள் நின்று என்னைப் பார்த்தாள்.

“இல்ல மக்ளே. நல்லாத்தான் கெடந்த.”

அது பாராட்டா, கோபமா என்று தெரியவில்லை. வீட்டில் அப்பா விஷயத்தைக் கேள்விப்பட்டதும் சித்தப்பாவை வெளியே கூட்டிக்கொண்டு போனார். திட்டும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் திரும்பி வந்த சித்தப்பாவின் கண் சிவந்திருந்தது. அதன் பிறகு வெகுகாலம் அவர் அம்மாவிடம் மைனி என்று வேடிக்கை பேசி நான் கேட்டதில்லை. எனக்கானால் எல்லோர் மேலும் கோபம். அவ்வளவு நன்றாக மூச்சடக்கிக் கிடந்த என்னை யாருமே மெச்சவில்லை. பிஸ்கட்டும் போயிற்று.

கல்லூரிக்குப் போன பிறகு, அம்மாவின் ஊரில் ஒரு கல்யாண வீட்டில், தாய்மாமா என்னிடம் சொன்னார். அந்த அலை வடிந்த பிறகு தண்ணீரிலிருந்து எடுத்தவர்களைக் கோவில் முற்றத்தில் வரிசையாகப் போட்டுத் துணி மூடியிருந்தார்கள். அந்த வரிசையில் அம்மாவும் கிடந்தாள். பக்கத்தில் காலடிச் சத்தம் அவளுக்குக் கேட்டதாம். விரலை அசைக்க முடியவில்லை, குரலும் வரவில்லை. கால்கள் வந்தன, போயின. யாரையும் குறை சொல்ல முடியாது. உயிரோடு துடித்தவர்களுக்கே அன்று கை போதவில்லை. தன் பிள்ளையைத் தேடி வந்த யாரோ ஒரு தாய், ஒவ்வொரு துணியாக விலக்கினாள். பிள்ளையின் முகம் இல்லை என்று தெரிந்த பிறகும் ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். அவள் கை அம்மாவின் கழுத்தில் வந்து நின்றது. அந்தத் தாய்க்குப் பிள்ளை கிடைத்ததா என்று மாமாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

கிறிஸ்துமஸுக்காகத் தாய்வீடு வந்திருந்தாள் அம்மா. நாள் தள்ளிப்போயிருந்ததை யாரிடமும் இன்னும் சொல்லியிருக்கவில்லை, ஊருக்குத் திரும்பும்போது சொல்லலாம் என்று வைத்திருந்தாளாம் என்றார் மாமா. அவர் அதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.

நான் பிறந்தது அதற்கடுத்த ஆகஸ்ட்டில். திரும்பி வரும் பேருந்தில் நாகர்கோவில் தாண்டும்போதுதான் எனக்கு அது உறைத்தது. பள்ளி வராந்தாவில், வெள்ளைத் துணிக்குள், ஒருவரும் நிற்காமல் போகும் கால்களைக் கேட்டுக்கொண்டு நான் படுத்திருந்தது முதல் தடவை அல்ல.