பேட்டரி மாற்றிய மேதாவி

திருநெல்வேலி ஜங்ஷனில் என் குடைக்கடைக்கு அடுத்த கடை மந்திரமூர்த்தியுடையது. முக்கூடலில் ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன், தொண்ணூற்று நாலில் இங்கே வந்து வீடியோ கேம் கடை போட்டதும் விஞ்ஞானியாகிவிட்டான். குடைக்குக் கம்பி மாற்ற வந்தவர்களைக்கூட விடமாட்டான்.

“அண்ணாச்சி, ஒரு கம்பெனி கேசட்டு இன்னொரு கம்பெனி மெஷின்ல ஓட மாட்டேங்கு. எல்லாம் இன்னும் பத்து வருசந்தான். பொறவு எந்தக் கேசட்டும் எதுலயும் ஓடும், பாத்துக்கிடுங்க!”

பத்து வருசம் கழித்து நடப்பதெல்லாம் தெரியும். மத்தியானச் சாப்பாடு கொண்டுவர மட்டும் மறந்துபோகும். என் சோற்றில்தான் பாதி போகும்.

இந்த வாய்ச்சவடாலை நம்பிக் காயல்பட்டினத்திலிருந்து மும்தாஜ் பேகம் என்ற அம்மா வந்தார். கணவனை ‘மாப்புள’ என்பதும், அவன் பெண் வீட்டோடு இருப்பதும் அந்த ஊர் வழக்கம். ஆனால் துபாயிலிருந்து கணவர் கொண்டுவந்த மெஷின் இந்த அம்மாவின் மாமியார் வீட்டிலேயே இருந்தது. பெண் வீட்டில் இருந்ததோ வேறு ஜாதி மெஷின்.

“அண்ணாச்சி, எங்க மாப்புள துபாய் போனதுலேர்ந்து மாமி வீட்டுல போயிப் போயி ஆடி, மாப்புள எடுத்த பாயிண்டைத் தாண்டி அவங்களை ஜெயிச்சிருக்கேன். இந்தக் கேசட்டுல எம்பேருதான் முதல்ல நிக்குது. வெள்ளிக்கிழமை லீவுல வாராங்க. எங்க வீட்டு மெஷின்ல போட்டு டிவியில காட்டணும். கண்ணால பாத்தாத்தான் நம்புவாங்க. பேரு மட்டும் அழிஞ்சிரக் கூடாது.”

மந்திரமூர்த்தி கேசட்டைத் தன் மெஷினில் போட்டுப் பார்த்தான். முதலிடத்தில் மும்தாஜ், அதற்குக் கீழே கணவர் பெயர். நானும் பார்த்தேன். பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து, அந்த அம்மா வீட்டு மெஷினிலும் கேசட் ஓடும்படி, வயரும் பித்தளைத் தகடுமாக ஓர் இணைப்பு செய்தான். அடப்பாவி, கேசட் ஓடவும் செய்தது!

அதோடு விட்டிருக்கலாம். ரிப்பேருக்கு எது வந்தாலும் பழைய பேட்டரியைக் கழற்றிப் புதுசு போட்டுத் தருவது அவன் ரேடியோக்காலத்துப் பழக்கம். கேசட்டுக்குள் காசு மாதிரி ஒரு பேட்டரி இருப்பதைக் கண்டதும் கை சும்மா இருக்குமா? அந்தப் பேட்டரிதான் பெயர்களைப் பிடித்து வைத்திருந்தது. பெருமையாக மாற்றிக் கொடுத்துவிட்டான்.

சனிக்கிழமை கணவனும் மனைவியும் கடைக்கே வந்தார்கள். கணவர் சிரித்துக்கொண்டே மந்திரமூர்த்தியிடம் கேட்டார்: “ஒரு பேரும் இல்லியே, அண்ணாச்சி! என்னை ஜெயிச்சதா வீடு பூரா சொல்லி வச்சிருக்கா. நீங்க பாத்தீங்களா?”

அந்த அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பேட்டரியை மாற்றினேன் என்று ஒரு வார்த்தை போதும். எதிர்காலத்தையே கையில் வைத்திருக்கிற மேதாவி தொழிலில் தப்பு செய்ததாக ஒத்துக்கொள்வானா?

“நம்ம கை பட்டு எதுவும் கெட்டதில்ல. வரும்போதே காலியாத்தான் இருந்துச்சு, இல்லாத பேரு எப்படி அழியும்?” என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “ஏலே, நானும்தானே பாத்தேன்! பொய்யா சொல்லுத?” என்று கத்தினேன். கணவர் என்னைப் பார்த்து, “பாவம், அவளுக்காகச் சொல்லுதிய” என்றார்.

மும்தாஜ் பேகம் அந்த இணைப்பைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். கேசட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்.

“இது நமக்கு வேண்டாம். வாங்க, உங்க உம்மா வீட்டுக்குப் போவோம்” என்றார் கணவரிடம். “அங்கன உள்ள மெஷின்ல, உங்க உம்மாவைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு, என்கூட ஆடுங்க.”

கணவரின் சிரிப்பு நின்றுவிட்டது.