இரண்டு டப்பா தோட்டா

"தோட்டா விஷயத்துல டெக்சாஸே என்னைக் கேட்டுட்டுத்தான் சுடணும்!"

ரவுண்ட் ராக் நகரத் தமிழர்களின் தீபாவளி விருந்தில் இப்படி அறிவித்தவர் ஜெயபிரகாஷ். கணினிப் பொறியாளர், கோபிச்செட்டிபாளையத்துக்காரர். அவருடைய துப்பாக்கி முயலுக்குத்தான் லாயக்கு என்று சிரித்தவர்களிடம், சின்னத் தோட்டாவானாலும் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பெரிய மானே விழும் என்று பிரியாணி ஆறிப்போகும்வரை விளக்கினார்.

அன்றிலிருந்து வீட்டுச் சாப்பாட்டு மேஜை தோட்டாக்களுக்கு ஒதுக்கப்பட்டது. மனைவி வான்மதியும் பிள்ளைகளும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். ஈயத் தோட்டா எலும்பில் பட்டுச் சிதறிவிடுமோ? செம்புத் தோட்டா விரியாமலே மறுபக்கம் போய்விடுமோ? இந்த மகத்தான விசாரணையிலேயே மான் வேட்டை சீசன் பெரும்பாலும் கழிந்தது. கடைசி நாளுக்குள் மான் விழாவிட்டால் துப்பாக்கியை விற்றுவிட வேண்டும் என்று சொல்லிவிட்ட வான்மதி, அந்தக் கடைசி நாளில் தானும், மான் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும் வேட்டை மறைப்புக்குள் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் கொம்பு மான் ஒன்று எதிரே வந்து, மானை இழுக்க இறைத்திருந்த சோளத்தைத் தின்னத் தொடங்கியது.

"ஏனுங்க, சுடுங்க!" என்று கிசுகிசுத்தாள்.

"இரு. தோள் எலும்பு குறுக்க வருது. அப்படின்னா செம்பு... ஆனா தூரம்..."

"இன்னும் லோடே பண்ணலீங்களா? இத்தனை நாளா என்னதான் பண்ணினீங்க?"

"ரிசர்ச்."

மான் தலையை நிமிர்த்திக் காதை விறைப்பாக்கியது. டெக்சாஸுக்கே யோசனை சொல்லவிருந்தவர், ஈயம் ஒன்று, செம்பு ஒன்று என்று கொண்டுவந்திருந்த இரண்டு டப்பாக்களையும் மெல்ல மனைவியின் மடியில் வைத்தார்.

"நீயே ஒண்ணு எடுத்துக் குடு, வான்மதி."