இருபத்திரண்டாவது ஓட்டை

எங்கள் கம்பெனி கேண்டீனில் ஸ்பூன் காம்பில் ஒரு ஓட்டை போட்டிருப்பார்கள். யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று. என் வீட்டில் அப்படி ஓட்டை போட்ட ஸ்பூன் நாலு இருக்கிறது. நல்ல ஸ்பூன். ஆகவே சீமைக் கம்பெனிக்காரர்கள் தபால்தலையில் ஓட்டை போட்ட கதையை ரத்தினவேல் அண்ணன் சொன்னபோது எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் அங்கே கிளார்க்குகள் ஆபீஸ் தபால்தலையை மடியில் கட்டிக்கொண்டு போய் வெளியே விற்றுவிடுவார்களாம். அதைத் தடுக்க, கம்பெனி பெயரின் முதல் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாகத் தபால்தலையிலேயே குத்திவிடுவார்களாம். எந்த ஓட்டை எந்தக் கம்பெனியுடையது என்று கண்டுபிடிப்பதற்கென்றே இன்றைக்கும் உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். அதில் ஒருவர் ஓசூர் சிப்காட்டில், எங்கள் பிரஸ் ஷாப்பில், ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தகடு செக் பண்ணிக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்கு ஐம்பத்து நாலு வயது. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். இருபத்தாறு வருடமாக அவருக்கு ஒரே வேலை: ஓட்டை போட்டு வருகிற தகட்டில் ஓட்டை சரியாக விழுந்திருக்கிறதா, பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பது. கெட்டதாக இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு மார்க்கரால் ஒரு வட்டம், பிறகு ரிஜெக்ட் போடுகிற சிவப்பு டப். வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்ட மாட்டார். கண்ணுக்குத் தெரியாத பிசிறு நகத்துக்குத் தெரியும் என்பார். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டதால் அந்த ஸ்டூல்தான் அவருக்குச் சொத்து. நான் கம்பெனி வேன் ஓட்டுகிறேன். ஒரே காம்பவுண்டில் பக்கத்துப் பக்கத்து வீடு. அவர் வீட்டுக் குழம்பு வாசம்வரை எனக்குத் தெரியும்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் கிருஷ்ணகிரியில் ஒரு பழைய பேப்பர் கடையில் பெங்களூர் ஜவுளிக்கடை ஒன்றுக்கு சீமையிலிருந்து வந்த பழைய கவர்கள் ஒரு கட்டு கிடந்தது. தபால்தலையில் ஓட்டையைப் பார்த்துவிட்டு அண்ணன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ராஜா தலை அவர் கண்ணில் படவே இல்லை. இவ்வளவு சின்ன பின்னை வைத்து இவ்வளவு சுத்தமாகக் குத்தியவன் எவன் என்பதுதான் அவர் கேள்வி.

அந்தக் கட்டில் ஒரு தபால்தலை அவரைப் பிடித்துக்கொண்டது. லீட்ஸ் ஊர் முத்திரை. இருபத்தொரு ஓட்டை. பார்க்கிறவர்கள் எல்லாம் ஹெச், சி என்று படித்தார்கள். அந்த எழுத்தில் லீட்ஸில் கம்பெனியே கிடையாது. அண்ணன் மட்டும் அது சி இல்லை, ஜி என்றார். ஜியின் உள்கோட்டைக் குத்தவேண்டிய ஒரு பின் மழுங்கிப்போயிருக்கிறது, அழுத்தியிருக்கிறது, ஆனால் வெட்டவில்லை, அந்த வடு நகத்தில் தட்டுகிறது என்றார். மகள் வினிதா போனில் படம் எடுத்து, எந்த ஓட்டை எந்தக் கம்பெனி என்ற பட்டியலை வைத்திருக்கும் இங்கிலாந்துப் பெரியவர் ஒருவருக்கு அனுப்பினாள். அவர் மரியாதையாக, இருபத்தொன்றுதான், சிதான் என்று எழுதிவிட்டார். அண்ணி பவளமும் கையுறைக் கம்பெனியில் செக்கிங்கில் இருப்பவர்தான். தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

இது இப்படி இருக்கும்போது கம்பெனியில் இரண்டு பெட்டி மால், ஓட்டையில் பிசிறு என்று திரும்பி வந்தது. அண்ணன் பாஸ் பண்ணியது. சூப்பர்வைசர் சிவராஜ் சூளகிரிப் பையன், இருபத்தேழு வயது. "அண்ணா, கண்ண ஒரு தபா காட்டிக்கோங்கோ. அடுத்த வாரம் தகடு பாக்க கேமரா மிஷின் வருது" என்று மட்டும் சொன்னான். அதை வேனில் நாலு பேரிடம் சொன்னது நான்தான். வண்டி ஓட்டும்போது வாயைச் சும்மா வைத்திருக்க வரவில்லை. ராயக்கோட்டை ரோடு திரும்புவதற்குள் அது எட்டுப் பேருக்குத் தெரிந்துவிட்டது.

அன்று அண்ணன் வேனில் கடைசியாக இறங்கினார். "கங்கப்பா, அந்த ஸ்டாம்புல புள்ளி இல்லன்னா அந்த சிவராஜ் பய சொல்லுததுதான் சரி. எனக்கு இல்லாததெல்லாம் இருக்குன்னு தோணுது, இருக்கது தெரிய மாட்டேங்குதுன்னு ஆயிரும்லா" என்றார். கோபம் இல்லை. அசதிதான்.

அந்த சனிக்கிழமை ஆள் இல்லை என்று தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு ஞாயிறு காலை வந்தார். தூங்கச் சொன்னோம், கேட்கவில்லை. மத்தியானம் நான் மீன் குழம்புக்குப் போனபோது, வினிதாவின் ரெக்கார்டு நோட்டை விரித்து, அதன்மேல் அந்தத் தபால்தலையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். கண் பாதி மூடியிருந்தது. நகம் ஓர் இடத்தில் நின்றது. இடது கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. மார்க்கரை எடுத்து, மூடியைப் பல்லால் கழற்றி, நகம் நின்ற இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். இருபத்தாறு வருடமாகப் போட்ட அதே வட்டம். தகட்டில் அது நிற்கும். இது தொண்ணூறு வருடத்துக் காகிதம். வட்டத்துக்குள் முழுக்க மை ஊறிச் சிவந்துவிட்டது.

அண்ணி கையில் கரண்டியோடு நின்றார்.

அண்ணன் மார்க்கரை மூடினார். "நல்லா பாத்துக்க. நானே ரிஜெக்ட் பண்ணிட்டேன்" என்றார். பிறகு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து வினிதா இடுக்கியால் தபால்தலையைத் தூக்கினாள். அடியில் இருந்த வெள்ளைத் தாளில், மை எங்கெங்கே ஓட்டை வழியாக இறங்கியதோ அங்கெல்லாம் சிவப்புப் புள்ளி. அந்த வரிசைக்கு உள்பக்கம், யாரும் ஓட்டையே பார்க்காத இடத்தில், எறும்புக் கண் அளவுக்கு இன்னொன்று. மழுங்கிய பின் காகிதத்தை வெட்டவில்லை, நோகடித்திருக்கிறது. அந்த வழியாக மை இறங்கியிருக்கிறது.

"அப்பா, இருவத்திரெண்டு" என்றாள்.

அண்ணன் கண்ணைத் திறந்து எட்டிப் பார்த்தார். "படம் எடுத்து அனுப்பிரு" என்றார். சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

நாலு நாள் கழித்து இங்கிலாந்துப் பெரியவரின் பதில் வந்தது. ஹெச், ஜி. லீட்ஸில் ஒரு கம்பளி நூல் கம்பெனி. பட்டியலைத் திருத்தியாகிவிட்டது, 'ஒரு பின் மழுங்கியது, கண்டுபிடித்தவர் ரத்தினவேல், ஓசூர்' என்று சேர்த்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார். மை பட்டுவிட்டதால் தபால்தலைக்கு இனி விற்கிற மதிப்பு எதுவும் இல்லை, வருந்துகிறேன் என்றும் எழுதியிருந்தார்.

அதற்குள் கேமராவும் வந்துவிட்டது. அண்ணனைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே ஸ்டூல் கிடையாது. கடிதத்தை அவர் யாரிடமும் காட்டவில்லை. போகும்போதும் வரும்போதும் வேனில் இரண்டு தடவை சொல்லிவிட்டேன், அவர் கண் விஷயத்தைப் பரப்பியதற்கு ஈடாக என்னால் அதுதான் முடிந்தது. சிவராஜ் காதுக்கும் போயிற்று. "ஹௌதா" என்று, அப்படியா என்பதைக் கன்னடத்தில் ஒரே வார்த்தையாகச் சொல்லி விட்டுவிட்டான்.

இப்போது அண்ணன் நின்றபடி பெட்டி கட்டுகிறார். கேமரா பாஸ் பண்ணி வருகிற ஒவ்வொரு தகட்டையும் பெட்டிக்குள் வைப்பதற்கு முன்னால் நகத்தால் ஒரு தடவு. யாரும் அவரை அதைச் செய்யச் சொல்லவில்லை. எப்போதாவது ஒன்றில் நிறுத்துவார். வட்டம் போட்டுத் தனியாக வைப்பார். சாயந்திரம் சிவராஜ் வந்து, அதை லென்ஸில் வைத்துப் பார்த்துவிட்டு, சிவப்பு டப்பில் போட்டுக்கொண்டு போவான். நேற்று மூன்று.

வேனில் முன் சீட்டை அவருக்கு விட்டுவைக்கிறேன். அவரால் காலை மடக்க முடியவில்லை. நேற்று ஏறும்போது அப்படி ஒரு தகட்டைக் கையில் வைத்திருந்தார். என்ன குறை என்று கேட்டேன். வட்டத்துக்குள் என் விரலை வைத்து அழுத்தினார்.

"தட்டுப்படுதா?"

எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

"ஆமாண்ணா" என்றேன். வண்டியை எடுத்தேன்.