படிக்க ஒன்றுமில்லாத பெட்டி

அக்காவின் வீட்டுக்கு வந்த சலவை இயந்திரத்தோடு புத்தகம் எதுவும் வரவில்லை. அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டியதில் தெர்மகோல் துணுக்குகளும், ஒரு தண்ணீர்க் குழாயும், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வழவழப்பான சீட்டும் விழுந்தன. சீட்டில் ஓர் இளம் தம்பதி இயந்திரத்தின் மேல் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கவில்லை. கீழே, உங்கள் பயணம் இங்கே தொடங்குகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. துணி துவைப்பதைப் பயணம் என்று எழுதுகிறவன் வாழ்நாளில் ஒரு கைக்குட்டையாவது துவைத்திருக்க மாட்டான்.

மிச்சமெல்லாம் இயந்திரத்தின் முகப்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருப்பதாக அக்காவின் மகன் பெங்களூரிலிருந்து சொன்னான். இயந்திரத்தை வாங்கி அனுப்பியவன் அவன்தான். கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிக் கட்டங்கள் நிறைந்த ஒரு சதுரம். பெட்டிக்கடையில் பணம் செலுத்த மாட்டி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. போனில் அதைப் படம் பிடித்தால் கையேடு திரையில் விரியுமாம். அக்காவிடம் இருப்பது பட்டன் போன்.

"புஸ்தகம் எங்கடா?" என்று அவள் கேட்டாள்.

"இப்பல்லாம் யாரும்மா புஸ்தகம் குடுக்குறாங்க? அதான் ஸ்டிக்கர் இருக்கே."

"ஸ்டிக்கர வச்சிகினு நான் இன்னா பண்றது? நெத்தியில ஒட்டிக்கவா?"

அக்கா புவனகிரி தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். அரசாணையைக் கடைசி அடிக்குறிப்புவரை படித்துவிட்டுத்தான் கையெழுத்துக்கு அனுப்புவாள். அவள் கணவரான மாமா இறந்தபின் சிதம்பரத்தில் தன் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். அந்த வீட்டில் அப்படியே இருந்துவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். பெங்களூரில் பதினோராவது மாடிக்குக் கூட்டிப்போய்விட வேண்டும் என்பது மகனின் எண்ணம். அம்மாவால் இனிமேல் தனியாகச் சமாளிக்க முடியாது என்பதற்கு அவன் ஒரு சாட்சியைத் தேடிக்கொண்டிருந்தான். அதை அவனே வாங்கி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

நான் கடலூரில் இருக்கிறேன். எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டு முழுவதும் கையேடுகள். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் பொருள் வந்த நாளையும், முதலில் பழுதான நாளையும் குறித்து வைத்திருக்கிறேன். என் மனைவி இதை ஜாதகக் கட்டு என்பாள். தேதி வரிசையில் அடுக்கிப் பார்த்தால் ஒரு தேசத்தின் சோம்பேறித்தனம் படிப்படியாக வளர்ந்த கதை தெரியும். அப்பா வாங்கிய வானொலிப் பெட்டியின் கையேட்டில் அதன் மின்சுற்றுப் படம் மடித்து ஒட்டியிருக்கும். வாங்கியவன் என்றாவது திறந்து பார்ப்பான் என்று நம்பிய காலம் அது. தையல் இயந்திரத்தின் கையேட்டில் ஒவ்வொரு திருகுக்கும் ஓர் எண்ணும், அந்த எண்ணுக்கு ஒரு வாக்கியமும் உண்டு. என் கல்யாணத்துக்கு வந்த மிக்ஸியின் கையேட்டில், தேங்காயைப் போட்டவுடன் தண்ணீர் ஊற்றினால் ஏன் மசியாது என்பதற்குக் காரணமே சொல்லியிருந்தார்கள்.

முதலில் மின்சுற்றுப் படம் போயிற்று. பிறகு காரணங்கள் போயின. அந்த இடத்தில் எச்சரிக்கைகள் வந்து உட்கார்ந்தன. குழந்தையை இயந்திரத்துக்குள் போடாதீர்கள், பூனையைப் போடாதீர்கள், இயந்திரத்தை மழையில் நிறுத்திக் குளிப்பாட்டாதீர்கள். எப்படி ஓட்டுவது என்று ஒரு பக்கம், எப்படிச் சாகக் கூடாது என்று ஒன்பது பக்கம். வழக்கு வந்தால் தப்பிக்க எழுதியதே தவிர நமக்காக எழுதியதில்லை. அப்புறம் தமிழ் போயிற்று. போனதுகூடப் பரவாயில்லை, திரும்பி வந்த விதம்தான் கேவலம். பக்கத்து வீட்டு இயந்திரத்தின் தமிழ்க் கையேட்டில், துவைத்து முடிந்ததும் நூல் நூற்கவும் என்று இருந்தது; துணியைச் சுழற்றிப் பிழிகிற 'ஸ்பின்' அப்படி ஆகியிருந்தது. எந்த மனிதனும் அதை எழுதவில்லை, எந்த மனிதனும் அச்சுக்கு முன் அதைப் படிக்கவில்லை. கடைசியில் சொற்களே போய்ப் படங்கள் மட்டும் மிஞ்சின. இப்போது காகிதமும் போய்விட்டது. மரத்தைக் காப்பாற்றுகிறார்களாம். அட்டைப் பெட்டியைச் சுற்றி ஒரு கட்டில் செய்கிற அளவுக்கு மரச்சட்டம் அடித்து அனுப்புகிறவர்கள் சொல்கிறார்கள் இதை.

விளையாட்டுப் பெட்டிகளும் இதே வழியில்தான் போயின. அக்காவின் வீட்டில் ஊர்களை வாங்கி விற்கும் வியாபார விளையாட்டு ஒன்று இன்னும் இருக்கிறது. அதன் விதித்தாள் இரண்டு பக்கம். கோடை விடுமுறையில் மாமாவும் அக்காவும் அவர்கள் மகனும் நானும் ஆடுவோம். அக்கா விதித்தாளை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொள்வாள். சிறைக்குப் போனவன் வாடகை வாங்கலாமா என்று ஒருநாள் பெரிய சண்டை. அவள் தாளை எடுத்து நிதானமாகப் படித்தாள். கூடாது என்று அதில் இருந்தது. சிறையில் இருந்தவன் மகன். அவன் ஓவென்று அழுதான்.

"தாள்ல போட்டுருக்கு. அழுதா மாறாது," என்று சொல்லிவிட்டு அக்கா பகடையை உருட்டினாள். ஒரு சண்டையை முன்கூட்டியே நினைத்துப் பார்த்து அதற்கும் ஒரு வரி எழுதிவைத்த அந்த யாரோ ஒருவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. கிரைண்டர், தையல் இயந்திரம், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த அக்கா சலவை இயந்திரத்துக்கும் வைத்தாள். எங்கே வைத்தாள் என்பதுதான் விஷயம். முகப்பு முழுக்கப் பொத்தான்களும் கண்ணாடியுமாக இருக்க, ஒரு மூலையில் சும்மா கிடந்தது அந்தச் சதுரம் ஒன்றுதான். அதன் நட்ட நடுவில் ரூபாய் அகலத்துக்குச் சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமம் வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்துக் காய்ந்த சந்தனத்தை ஈரத்துணியால் தேய்த்துத் துடைத்தபோது கட்டங்களும் கூடவே வந்துவிட்டன. ஒரு கையேடு முழுவதையும் ஒரு ஈரத்துணி அழித்துவிடலாம் என்ற நிலையில் வைத்திருந்தவனை விட்டுவிட்டு, பொட்டு வைத்தவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த ஊரில் இயந்திரம் விற்கிறவனுக்கு ஆயுத பூஜை என்று ஒன்று வரும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஐப்பசி கடைசி. விடாத மழை. மகன் போனில் சொல்லிக்கொடுத்தபடி ஓட்டிய இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது அக்கா அதன் பொத்தான் வரிசையைத் துணியால் அழுத்தித் துடைத்திருக்கிறாள். திடீரென்று எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை. சிறிய திரையில் இரண்டு ஆங்கில எழுத்துகள் மினுக்கின. கதவும் திறக்கவில்லை. உள்ளே தண்ணீரில் அவளுடைய புடவைகள். செவ்வாய்க்கிழமை எனக்குப் போன் வந்தது. புதன்கிழமை முதல் பேருந்தில் சிதம்பரம் போனேன்.

என் போனைச் சதுரத்தின் முன் பிடித்தேன். சந்தனம் தின்றது போக மீந்த கட்டங்களைப் பார்த்து அது ஒன்றும் சொல்லவில்லை. நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தேன். முதலில் இந்தியில் ஒரு பெண் மகிழ்ச்சியாகப் பேசினாள், பிறகு ஒரு பாட்டு, பிறகு தமிழில் ஒரு பெண். மனிதக் குரல் கேட்கும் என்று காத்திருந்தேன். கையேட்டுக்கு இயந்திரத்தின் முகப்பில் உள்ள குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள், நன்றி, வணக்கம் என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் பழுது பார்ப்பவர் வந்தார். பிளக்கைப் பிடுங்கினார், செருகினார். மறுபடியும் பிடுங்கினார்.

"கையேட்டுல இதுக்கு ஏதாச்சும் போட்டிருப்பாங்களே," என்றேன்.

"அதெல்லாம் யாரு சார் படிக்கிறாங்க? போர்டு போயிடுச்சு சார். மாத்திடலாம்."

"அந்த ரெண்டு எழுத்துக்கு இன்னாங்க அர்த்தம்?" என்று அக்கா கேட்டாள்.

"போர்டு போயிடுச்சுன்னு அர்த்தம்மா."

அன்று மாலை மகன் அழைத்தான். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"இதத்தாம்மா நான் சொல்லிகினே இருக்கேன். ஒரு மெஷின் ஓட்ட முடியல. நாளைக்கி கேஸ்ல ஏதாச்சும் ஆச்சுன்னா? வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பாத்துட்டேன். நல்ல குடும்பம். பொங்கலுக்கு வரேன், பேசி முடிச்சிட்டு உன்னயும் கூட்டிகினு வந்துடறேன்."

அக்கா போனை வைத்துவிட்டு இயந்திரத்தின் வட்டக் கண்ணாடி வழியாக உள்ளே ஊறும் புடவைகளைப் பார்த்தாள். "எனக்குத்தான் புத்தி மழுங்கிப் போச்சாடா?" என்று கேட்டாள். அவள் என்னிடம் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. எனக்கு அந்த நிறுவனத்தின் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. எழுதிக் கொடுத்தால் எதையும் செய்யக்கூடிய ஒருத்தியை, எழுதிக் கொடுக்காமல் விட்டு, முட்டாளாக்கிவிட்டார்கள். அவர்கள் மிச்சம் பிடித்தது ஒரு நாற்பது பக்கக் காகிதம். அதற்கு ஈடாகக் கேட்டது இவளுடைய வீட்டை.

கடலூர் திரும்பியதும் மேல்தட்டைக் கிளறினேன். எங்கள் வீட்டில் இருந்து எப்போதோ பழைய சாமான்காரரிடம் போய்விட்ட சலவை இயந்திரமும் அதே நிறுவனத்துடையது. இயந்திரம் போனாலும் கையேட்டை நான் போட மாட்டேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம், நல்ல தமிழில்: பொத்தான்கள் இயங்கவில்லையா? பயப்பட வேண்டாம், பழுது இல்லை. குழந்தைகள் அழுத்திவிடாமலிருக்க வைத்த பூட்டு, துடைக்கும்போது தானாக விழுந்திருக்கலாம். பூட்டுப் படம் உள்ள பொத்தானையும் அதற்கு அடுத்ததையும் சேர்த்துச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். பயப்பட வேண்டாம் என்ற அந்தச் சொற்களை இரண்டு முறை படித்தேன். ஈரக் கையோடு இயந்திரத்தின் முன் நிற்கும் ஒருத்தியை மனதில் வைத்துக்கொண்டு யாரோ எழுதியிருக்கிறார். அவரை எந்த வருஷம் வேலையைவிட்டு அனுப்பினார்கள் என்று தெரிந்தால் குறித்து வைத்துக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை கையேட்டோடு போனேன். புது இயந்திரத்தில் பூட்டுப் படம் எள் அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கட்டத்தை வாய்விட்டுப் படித்தாள். பிறகு அவளே அழுத்திப் பிடித்தாள். எழுத்துகள் மறைந்தன, தண்ணீர் வடிந்தது, கதவு டக்கென்று விட்டது. புடவைகள் நாறின. அவற்றை வெளியே எடுக்காமல் அவள் கையேட்டின் மற்ற பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தாள்.

மகனுக்குச் சொன்னோம். "சரி, இந்தத் தடவ மாமா வந்தாரு," என்றான். "பொங்கலுக்கு வரேன்."

வந்தான், மனைவியோடு. காணும் பொங்கலன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து ஒரு பெரிய பெட்டியை எடுத்துத் தரையில் வைத்தான். புதுசாக வந்திருக்கும் ஏதோ பலகை விளையாட்டு.

"அம்மா, இது மூளைக்கு நல்லது. மறதி வராது. அங்க வந்து தெனமும் ஆடலாம்."

பெட்டிக்குள் வர்ணப் பலகை, மரக்காய்கள், அட்டைக்கட்டு. அக்கா எல்லாவற்றையும் வெளியே எடுத்து, அடிமட்டம்வரை கையால் துழாவினாள்.

"தாள் எங்கடா?"

மூடியின் உட்புறத்தில் இருந்தது, அதே கறுப்பு வெள்ளைச் சதுரம். அவன் சிரித்துக்கொண்டே போனை நீட்டினான். செயலியைத் தரவிறக்கச் சொன்னது. தரவிறக்கினான். அது அவன் இருக்கும் இடத்தைக் கேட்டது, போனில் உள்ள எண்களையெல்லாம் கேட்டது, பிறந்தநாள் கேட்டது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, இந்தச் சேவை உங்கள் பகுதியில் கிடைக்காது என்றது. மருமகள் ஒரு காணொளியைத் தேடிப் போட்டாள். அதில் தலையைக் கலைத்துவிட்டுக்கொண்ட ஒருவன் பெட்டியைத் திறப்பதையே ஒரு விழாவாகக் கொண்டாடினான். காயை மட்டும் எடுக்கவே இல்லை. மகனுக்கு வியர்த்தது. இரண்டு பேரும் இரண்டு போன்களில் குனிந்திருந்தார்கள். அக்கா எதிரே சம்மணம் போட்டுக் காத்திருந்தாள்.

"எவ்ளோ நேரம்டா ஆவும்? எனக்கு உளுந்து ஆட்டணும்."

"இரும்மா, நெட் ஸ்லோவா இருக்கு."

"எம்மாம் படிச்சவன் நீ. நாலு காய நகத்தத் தெரியல. உன்னப் போயி பெங்களூர்ல தனியா வுட்டு வச்சிருக்கனே, எனக்கு பயமா இருக்குடா. நாளைக்கி கேஸ்ல ஏதாச்சும் ஆச்சுன்னா? பேசாம பொண்டாட்டிய கூட்டிகினு இங்க வந்துடு."

முதலில் சிரித்தது மருமகள். அவன் என்னைப் பார்த்தான். "மாமா, நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"எனக்கு எதுக்குடா ஆளு?" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் புத்தி போயிடல. உனக்கும் போவல. எழுதிக் குடுத்தா ரெண்டு பேருமே செய்வோம். எழுதிக் குடுக்காதவன் குத்தத்துக்கு நான் எதுக்கு வீட்ட காலி பண்ணணும்?"

அவன் கொஞ்ச நேரம் மரக்காய்களை அடுக்கினான், கலைத்தான். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், வீட்டை வாடகைக்குக் கேட்டிருந்தவரை அழைத்தான். அம்மா இங்கேயே இருக்காங்க, மன்னிச்சுக்குங்க சார் என்று அவன் சொன்னது உள்ளே எங்களுக்குக் கேட்டது. அக்கா உளுந்து ஆட்டப் போய்விட்டாள்.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சிதம்பரம் போயிருந்தேன். சலவை இயந்திரத்துக்குச் சென்ற வருஷம் வைத்த அதே மூலையில், அழிந்துபோன சதுரத்தின் மேலேயே, தாராளமாகச் சந்தனம் வைத்திருந்தாள். சாமி முன் புத்தக அடுக்கில் நான் நகல் எடுத்துக் கொடுத்த கையேடு இருந்தது. அதன்மேல் வியாபார விளையாட்டின் விதித்தாள், மடிப்பில் கிழிந்து ஒட்டியது. மகன் வாங்கி வந்த பெட்டி அலமாரிக்கு மேலே தூசியோடு இருந்தது. அதையும் எடுத்து வைக்கவா என்று கேட்டேன்.

"அதுல படிக்க இன்னா இருக்கு?" என்றாள் அக்கா. "கெடக்கட்டும் வுடு."