அத்தானின் செப்புக்காசு

தொழில் கடிகாரப் பழுது என்றாலும் அவருக்கு வழங்கிய பெயர் லென்ஸ்காரர். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, ஒரு பழைய செப்புக்காசு கழுவப்பட்டதா இல்லையா என்று அவர் சொல்லிவிட்டால் நாணயச் சங்கத்தில் மறுபேச்சு கிடையாது. காலம் ஏற்றிவைத்த கறுப்பை எலுமிச்சையோ பற்பசையோ போட்டுத் தேய்த்துவிட்டால் அந்தக் காசுக்கு உயிர் போயிற்று என்பது சங்கத்தாரின் கொள்கை. கழுவிய காசுக்குக் கண்காட்சியில் இடமில்லை என்று விதி செய்தவரே லென்ஸ்காரர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு; கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது.

கண்காட்சிக்குக் காசுகளைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அவருடைய அக்கா சங்கத்துக்கு வந்தாள். அத்தான் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த ஒரே ஒரு செப்புக்காசை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"கண்ணாடிப் பெட்டியில அவரு பேரைப் போட்டு இதை வைக்கணும், தம்பி. அது ஒண்ணுதான் எனக்கு ஆசை."

அறை நிறைய ஆட்கள். சொந்த அக்காவுக்குச் சலுகை காட்டினார் என்று நாளைக்கு யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாதே என்ற நினைப்புதான் அவருக்கு முதலில் வந்தது. காசைப் பார்த்தது அப்புறம். ஒரு பக்கம் நல்ல கறுப்பு. மறுபக்கம் நடுவில் மினுமினுப்பு.

"கழுவின காசு," என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி.

"யாரும் கழுவலையே. அவரு இதைக் கையை விட்டுக் கீழ வைக்கவே மாட்டாரு."

"கழுவாம ஒரு பக்கம் மட்டும் எப்படி மினுங்கும்? அத்தானைத் தெரியாதா. பாதி தேய்ச்சதுமே சோம்பல் வந்து விட்டிருப்பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரிக்கப் பார்த்தாள், முகம் சுண்டிப்போயிற்று. காசை மறுபடி கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டாள்.

அடுத்து வந்தது மருந்துக்கடைக்காரருடைய காசு. அது உண்மையிலேயே கழுவியது. மேடு பள்ளம் பாராமல், எழுத்துகளின் இடுக்குவரை ஒரே வெளுப்பு. அதைத் தள்ளிவைத்த லென்ஸ்காரருக்குத் திக்கென்றது. அக்காவின் காசில் இடுக்கு அழுக்கு அப்படியே இருந்தது. மேடு மட்டும்தான் மினுங்கியது. கழுவினால் இடுக்கும் சேர்ந்து வெளுக்கும். விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்தால் மேடு மட்டும் மினுங்கும். சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான்.

அத்தான் பக்கவாதத்தில் விழுந்தபோது, "எதையாவது கையில வெச்சு விரலால தேய்ச்சுக்கிட்டே இருங்க அத்தான்," என்று சொன்னவரும் இவர்தான். சொன்னதோடு சரி. கடை, சங்கம் என்று இருந்தவர் அப்புறம் அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தது சாவுக்குத்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல் அக்கா வீட்டுக்குப் போனார். அது கழுவினதில்ல அக்கா, அத்தானோட பெருவிரல், என்னை மன்னிச்சிடு என்று வழியெல்லாம் ஒத்திகை.

கதவைத் திறந்த அக்கா அவரைப் பேசவே விடவில்லை.

"நீ வருவேன்னு தெரியும். இரு." உள்ளே போய் ஈரக் கையோடு திரும்பி வந்தாள். "பாதியில விட்டதுதானே தப்புன்னு சொன்னே? எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டு ரெண்டு பக்கமும் ஒண்ணாக்கிட்டேன். இப்ப சேத்துக்குவாங்கதானே?"

அவள் உள்ளங்கையில் காசு புத்தம்புதிதாய்ப் பளபளத்தது. இடுக்குவரை வெளுப்பு. பெருவிரல் பட்ட இடம் எது என்று இனி எந்த லென்ஸாலும் சொல்ல முடியாது. ஒத்திகை பார்த்ததை இப்போது சொன்னால், தான் எதைத் தேய்த்து அழித்தோம் என்று அவளுக்குத் தெரிந்துபோகும். மன்னிப்புக் கேட்கிற வழியையும் தானே அடைத்துக்கொண்டாரே மனிதர். வெட்கத்தில் காது மடலெல்லாம் சுட்டது.

"சேத்துக்குவாங்க அக்கா," என்றார்.

கண்காட்சியில் வாசலுக்கு நேரெதிரே, அத்தான் பெயரோடு அந்தக் காசு இருந்தது. அக்கா கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவில்லை. மருந்துக்கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு லென்ஸ்காரரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"என்னோடதைத் தள்ளிட்டீங்க. இது கழுவின காசுதானே?"

"ஆமா."

"அன்னிக்கு நான் பார்த்தப்போ இப்படி இல்லையே. யாரு கழுவினது?"

லென்ஸ்காரர் பெட்டியருகே நின்ற அக்காவைப் பார்த்தார்.

"நான்தான்," என்றார்.